பாடம் யாருக்காக முடிகிறது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களைப் பாடத்தோடு ஒன்றவைப்பது நல்ல விரிவுரையா, புதுமையான கற்பித்தல் முறைகளா என்பது தலைப்பு. புதுமையான முறைகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், "நடத்தத் தெரிந்தவருக்கு இந்த வித்தையெல்லாம் எதற்கு? அவர் வாயைத் திறந்தாலே வகுப்பு கட்டுண்டு கிடக்கும்" என்றார். கட்டுண்டு கிடக்கட்டும், சரி. அப்புறம்? மாணவர்களுக்குப் புரிந்ததா?

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் அப்படிக் கட்டிப்போட்டவர்தான். மாணவர்கள் அவரை மெச்சினார்கள், தேர்வில் கணக்குகளையும் நன்றாகவே போட்டார்கள். ஒருமுறை அவர், நியூட்டன் விதிகள் உண்மையில் புரிந்தனவா என்று பார்க்கும் எளிய கேள்விகளைக் கொடுத்தார். கணக்கே கிடையாது. ஒரு மாணவி எழுந்து கேட்டார்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா?

நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியை எதிரணி கடந்து போக முடியாது. அவ்வளவு நல்ல விரிவுரைகளைக் கேட்டும், பாடம் ஒரு பக்கமும் அந்த மாணவியின் சிந்தனை ஒரு பக்கமுமாகவே இருந்திருக்கின்றன.

1991 வாக்கில் மசூர் வழியை மாற்றினார். வகுப்பின் நடுவே ஒரு கேள்வி. முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை சொல்லிவிட வேண்டும். பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாட வேண்டும். அதன்பின் மறுபடியும் விடை. இது ஏன் பலிக்கிறது? இப்போதுதான் புரிந்துகொண்டவருக்கு எந்த இடத்தில் குழம்பினோம் என்பது நன்றாக நினைவிருக்கும். பல ஆண்டுகள் நடத்திப் பழகிய பேராசிரியருக்கு அந்தக் குழப்பம் எப்போதோ மறந்துபோயிருக்கும். புதுமை என்றதும் செயலி, விளையாட்டு, ஒளித்திரை என்று எதிரணி அடுக்கினார்கள். இங்கே தேவைப்பட்டதெல்லாம் ஒரு நல்ல கேள்விதான். அதை உருவாக்குவதில்தான் ஆசிரியரின் படைப்பாற்றல் முழுக்க இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியும் 1969-இலேயே இந்தத் துணிவைக் காட்டியது. முதலில் நோயாளியின் பிரச்சினையைக் கொடு, அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தை மாணவர்களே தேடட்டும் என்றது.

"மாணவர்களே விரிவுரையைத்தான் விரும்புகிறார்கள்" என்றார் இன்னொரு நண்பர். உண்மைதான், மறுக்கவில்லை. 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இதையே காட்டியது. விரிவுரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே முட்டிமோதிக் கற்றவர்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். சோதனை வைத்தபோது அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் இந்த இரண்டாம் கூட்டத்தினர். யோசிப்பது சிரமம், அந்தச் சிரமத்தைப் புரியாமை என்று மனம் தப்பாக எடுத்துக்கொள்கிறது. இதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, "இப்படி நடத்தினால் பாடத்திட்டம் முடியாது" என்ற வாதம். அறிவியல், பொறியியல், கணிதப் படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு முடிவு வெளியானது. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேர் தோற்றார்கள். மாணவர்கள் செயல்பட்டுக் கற்ற வகுப்புகளில் 22 பேர். எதிரணி நண்பர்களே, நீங்கள் பாடத்திட்டத்தை முழுக்க முடித்துவிடுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விரிவுரையால் கூடுதலாகத் தோற்ற அந்த 12 பேருக்கு அது எந்த விதத்தில் முடிந்தது? உங்கள் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.