தொங்கான் சந்து

நேயர்களுக்கு வணக்கம். பசியாறிவிட்டீர்களா? நான் பினாங்குக்காரி. காலையில் யாரைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கூப்பிட்டு, "நீங்கள் வளர்ந்த கடலோரத் தெருவைப் பற்றிப் பேசுங்கள் அக்கா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, பேசுவதற்கு முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெல்டு கீ என்ற கடலோரச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் இடப்பக்கம் முழுக்கக் கார் நிறுத்துமிடம். வலப்பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசையில் நாலைந்து வீடுகளை ஒன்றாக்கித் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். மூங்கில் நாற்காலிகளில் சாக்குத் துணியால் தைத்த திண்டுகள். அரிசி மூட்டைக் கோணிச் சாக்குதான். வரவேற்பில் நின்ற பிள்ளை, "தொட்டுப் பாருங்க ஆன்ட்டி, பழைய துறைமுகத்தோட ஞாபகமா செஞ்சது" என்றது. தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது. அப்பாவின் முதுகில் கிடந்த சாக்கு அப்படி இருந்ததில்லை.

அப்பா தொங்கானில் வேலை பார்த்தவர். இளம் நேயர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது பெரிய கப்பல்களில் பல கரைக்கு வராமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். தட்டையான, வயிறு அகன்ற படகுகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். அந்தப் படகுதான் தொங்கான். அதன் தலைவர் தண்டல். அரிசி, சீனி, கொப்பரை, ரப்பர், மிளகு, கருவாடு என்று எதுவானாலும் கடைசியில் ஒரு மனிதனின் முதுகில் ஏறித்தான் கிட்டங்கிக்குள், அதாவது சரக்குக் கிடங்குக்குள் போகும்.

எங்கள் சந்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வீட்டில் நாங்கள் தொங்கான் சந்து என்போம். ஊரின் தெருக்கள் பலவற்றுக்கும் பழைய தமிழாட்கள் அப்படித்தான் தங்கள் தொழிலைப் பெயராக வைத்திருந்தார்கள். கிங் ஸ்ட்ரீட் படகுக்காரத் தெரு. பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கித் தெரு. அரசாங்கப் பலகையில் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு பிஷப் என்று இருக்கும். எங்கள் வாயில் வேறு ஊர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லெபோ பந்தாய் என்றால் கடற்கரைத் தெரு. ஆனால் அங்கே நின்றால் கடல் தெரியாது. ஒரு காலத்தில் அலை அதுவரைக்கும் வந்ததாம். 1880களில் கடலைத் தூர்த்து வெல்டு கீயை உண்டாக்கினார்கள். பழைய தெருக்களையும் புதுக் கரைவரை நீட்டினார்கள். அந்த நீட்டல்களுக்குத்தான் 'காட்' என்று பெயர். காசியில் படித்துறையைச் சொல்வார்களே, அதே சொல். ஆக, நாங்கள் வாழ்ந்த மண்ணே ஒரு காலத்தில் தண்ணீர். பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் ஏறும்போது சாக்கடை வழியாகக் கடல் திரும்ப வந்து வாசலை எட்டிப் பார்க்கும். அம்மா அதைத் துடைப்பத்தால் விரட்டுவார்.

அப்பா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். அப்போது வயது 17. கப்பலின் திறந்த மேல்தளத்தில் பயணம், பிறகு நோய்த் தடுப்புக்காக ஜெரஜாக் தீவில் தடுத்துவைப்பு, அதற்கப்புறம்தான் கரை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பலகையைப் பற்றித்தான் பேசுவார்.

தொங்கானுக்கும் கரைக்கும் நடுவே ஒரு நீளப் பலகை போடுவார்கள். தண்ணீர் ஏறியிருக்கும்போது பலகை சமமாக இருக்கும், மூட்டையோடு ஓடிவிடலாம். வற்றிவிட்டால் தொங்கான் கீழே போய்விடும், பலகை ஏணிபோல் நிமிர்ந்துவிடும். அதில் மூட்டையோடு ஏற வேண்டும். பலகை நடுவில் வளையும். அது வளைந்து மேலே எழும்பும் நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும், தப்பினால் கடல். ஒரு பிக்கல் என்பது 60 கிலோவுக்குச் சற்று மேல். அப்பா தூக்கிய மூட்டைகள் பெரும்பாலும் ஒரு பிக்கலோடு நிற்காது.

மூட்டையைப் புரட்ட அவரிடம் ஒரு கொக்கி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பிடி, விரலிடுக்கில் வெளியே வரும் வளைந்த இரும்பு. பிடியில் அவருடைய நாலு விரல்களும் பதிந்த பள்ளம். வேறு யார் பிடித்தாலும் அது கையில் உட்காராது. அண்ணன் எத்தனையோ தடவை பிடித்துப் பார்த்திருக்கிறார்.

அந்தக் கொக்கி குத்தும்போது சாக்கில் ஓட்டை விழும். ஓட்டையிலிருந்து அரிசி சிந்தும். அங்கேதான் அம்மாவின் வேலை ஆரம்பம். மாலையில் கிட்டங்கிக் கதவு சாத்திய பிறகு, எங்கள் சந்துப் பெண்கள் சிறு துடைப்பமும் முறமுமாகப் போவார்கள். காவலாளி பார்த்தும் பார்க்காததுபோல் நிற்பார். கூட்டி அள்ளி வந்ததை வாசலில் கொட்டி அம்மா புடைப்பார். முதலில் தூசி பறக்கும், பிறகு சணல் நார், பிறகு எலிப்புழுக்கை. கடைசியில் அரிசி நிறத்திலேயே இருக்கும் சிறு கல். அது முறத்துக்குப் போகாது, சல்லடைக்கும் சிக்காது, கண்ணால்தான் எடுக்க வேண்டும். அது என் வேலை. "பாத்துப் பொறுக்கு புள்ள, அப்பா பல்லு போயிரும்" என்பார். ரங்கூன் அரிசியும் சயாம் அரிசியும் ஒரே பானையில் கலந்து வேகும். ஒன்று குழையும்போது மற்றது நறுக்கென்று நிற்கும். நான் வளர்ந்தது அந்தச் சோற்றில்.

விடியலில் அப்பா வேறு சோறு சாப்பிடுவார். மாமா ஒருவர் தோளில் கம்பு வைத்து, ஒரு பக்கக் கூடையில் சோறும் மறு பக்கத்தில் குழம்புச் சட்டிகளுமாக வருவார். கம்பில் சுமந்து வந்த சோறு என்பதால்தான் மலாயில் அது நாசி கண்டார். இன்று குளிர்சாதனக் கடைகளில் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்களே, அது துறைமுகத்து ஆட்கள் மூட்டை தூக்கப் போகும் முன் குந்தி உட்கார்ந்து சாப்பிட்ட சோறு. மீன்குழம்பும் பருப்பும் மேலுக்கு மேல் ஊற்றுவார். எந்தக் குழம்பின் ருசி எது என்று பிரிக்க முடியாது. காசு சம்பள நாளில். கணக்கை மாமா மனதிலேயே வைத்திருப்பார்.

இதையெல்லாம் சொல்லும்போது கேட்பவர்கள், "அடடா, என்ன ஒற்றுமையான வாழ்க்கை!" என்பார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும். பதினோரு குடும்பத்துக்கு ஒரு குழாய். நாலு மணிக்கே வாளிச் சண்டை. சீனத்தி, மலாய்க்காரி, நம்மாள் என்ற பேதமெல்லாம் கிடையாது, எல்லாரையும் எல்லாரும் திட்டுவார்கள், அதுவும் மூன்று மொழியில். நான் ஹொக்கியன் சீனம் கற்றுக்கொண்டதே அந்தக் குழாயடியில்தான். பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடியது அதில் பாதிதான். கக்கூஸ் வாளியை எடுக்க ஆள் வராத நாளின் வாடையை வானொலியில் சொல்ல வேண்டாம்.

1969-இல் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகம் என்ற சலுகையை இழந்தது. அதே காலத்தில் பட்டர்வொர்த் கரையில் கப்பல் நேராக வந்து அணையும் ஆழத்துறை வந்துவிட்டது. பிறகு கொள்கலன்கள். இரும்புப் பெட்டியில் கொக்கி எங்கே குத்துவது? அப்பாவுக்கு முதலில் வாரத்தில் மூன்று நாள் வேலை, பிறகு ஒரு நாள், பிறகு ஒரு கிட்டங்கிக்குக் காவல். அவர் காத்த கிட்டங்கியில் சரக்கும் இல்லை, கூட்டிப் பெருக்கச் சிந்திய அரிசியும் இல்லை. வீட்டைத் தூக்கியது நான். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை திறந்தார்கள். 17 வயதில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒட்டும் வேலை. கல் பொறுக்கிய கண்ணாயிற்றே, சீக்கிரம் பிடிபட்டது. முதல் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தபோது வாங்கிக்கொள்ளவில்லை. "அம்மாகிட்ட குடு" என்றார்.

சந்திலிருந்து எங்களைக் காலி செய்தது கடலும் இல்லை, கப்பலும் இல்லை, வாடகை. போர்க்காலத்துக்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 2000 ஜனவரி முதல் தேதியோடு அது போயிற்று. எங்களுக்கு வந்த கடிதத்தில் வாடகை பத்து மடங்குக்கும் மேல். அண்ணன் வாசித்துக் காட்டினார், அப்பா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் பதினோரு குடும்பமும் போயாயிற்று. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தார்கள். கூரை ஓடுகளையும் சன்னல் கதவையும் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது, நல்லதுதான். அதன் கீழே இருந்தவர்கள் எட்டு வருஷம் முன்பே கிளம்பிவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு.

அப்பாவை ரைஃபிள் ரேஞ்ச் பிளாட்டில் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். பதினான்காவது மாடி. லிஃப்ட்டில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். கொக்கியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினோம், பக்கத்தில் தினக் காலண்டர். காலையில் தாளைக் கிழிப்பது அவர் வேலை. வேறு யாரும் கிழிக்கக் கூடாது. ஒருநாள் நான் போயிருந்தபோது கிழித்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு அமாவாசை.

"என்னப்பா?" என்றேன்.

"வத்தும்போது ரொம்ப வத்தும் இன்னிக்கு" என்றார். "பலகை செங்குத்தா நிக்கும். சின்னப் பசங்கள ஏத்த வேணாம்னு தண்டல்கிட்ட சொல்லணும்."