10-ஐ 14 ஆக்குவதற்கு முன்: எக்ஸ்எம்எல் கோப்பில் கை வைப்பது எப்படி?

வணக்கம் மக்களே! கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். போன வாரம் நான் செய்த ஒரு தவற்றையும், அதைச் சரியாகச் செய்யும் வழியையும் காட்டத்தான் இந்த வீடியோ.

நம் மலேசியாவில் இ-இன்வாய்ஸ், அதாவது வரித்துறைக்கு மின்கோப்பாக அனுப்பும் விலைப்பட்டியல், 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களிடம் தொடங்கியது. கோப்பு, வணிக ஆவணங்களுக்கான பொதுத் தரமான யூபிஎல் 2.1 அமைப்பில் இருக்க வேண்டும். அதை எழுதும் வடிவம் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசான். அண்ணனுடையது எக்ஸ்எம்எல்: ஒவ்வொரு தகவலும் அதன் பெயரைச் சொல்லும் இரண்டு டேகுகளுக்கு நடுவே இருக்கும். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தன் ஸ்பேர்பார்ட்ஸ் கடையைச் சிலாங்கூரிலிருந்து இங்கே மாற்றினார். சிலாங்கூரின் மாநிலக் குறியீடு 10, கோலாலம்பூருக்கு 14. இன்னும் அனுப்பாத இன்வாய்ஸ்கள் நிறைய இருந்தன. நான் எடிட்டரைத் திறந்து, டேகுகளுக்கு நடுவே 10 என்று இருந்ததையெல்லாம் 14 ஆக்கிவிட்டேன். கடை முகவரி மாறியது. கூடவே கிள்ளான் வாடிக்கையாளரின் மாநிலமும் மாறியது. 10 பிரேக் பேட் வாங்கியவர் கணக்கில் 14 ஏறிவிட்டது! நல்லவேளை, அனுப்பும் முன் அண்ணனே கண்டுபிடித்தார்.

எக்ஸ்எம்எல்லை வெறும் எழுத்தாகப் பார்த்ததுதான் தவறு. அது ஒரு மரம். இன்வாய்ஸ், அதன் கீழ் விற்பவர், அவர் முகவரி, அதற்குள் மாநிலக் குறியீடு. அந்தக் கிளைக்கு வழி சொல்வது எக்ஸ்பாத். 1999-இலேயே வெப் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த மொழி. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: யூபிஎல் பெயர்கள் எல்லாம் நேம்ஸ்பேஸுக்குள், அதாவது பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளத்துக்குள், இருக்கின்றன. அதைச் சொல்லாமல் வெறும் பெயரைத் தேடினால் பிழைச் செய்தியும் வராது, விடையும் வராது. இதில் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போயிருக்கிறது.

சரி, இடம் தெரிந்தது. மாற்றுவது எப்படி? எக்ஸ்எம்எல்லிடம் கேள்வி கேட்டுத் தகவல் எடுக்கும் மொழி எக்ஸ்குவெரி. 2007-இல் வந்த எக்ஸ்குவெரி 1.0-க்குக் கேட்கத் தெரியும், இருக்கிற கோப்பை மாற்றத் தெரியாது. 2011-இல் எக்ஸ்குவெரி அப்டேட் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. செருகலாம், நீக்கலாம், மதிப்பையோ பெயரையோ மாற்றலாம். அது வேலை செய்யும் விதம்தான் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சொன்னவுடன் மாற்றிவிடாது. மாற்றங்களை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போகும். குவெரி முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் மொத்தமாகச் செய்யும். அதனால் விற்பவர் பெயரும் வாங்குபவர் பெயரும் இடம் மாறியிருந்தால், இதை அங்கே போடு, அதை இங்கே போடு என்று இரண்டே வரி போதும். இரண்டுமே பழைய மதிப்பைத்தான் பார்க்கும். ஒரே இடத்தின் மதிப்பை இரண்டு முறை மாற்றச் சொன்னால் பிழை காட்டி நின்றுவிடும்.

இன்னும் பயமாக இருந்தால் அதிலேயே காப்பி, மாடிஃபை, ரிட்டர்ன் என்று எழுதும் வழி இருக்கிறது. நகலில்தான் மாற்றம் நடக்கும், மூலம் அப்படியே இருக்கும். அப்புறம், இன்வாய்ஸை வெப் பக்கமாக ஆக்க வேண்டுமென்றால் அதற்கு எக்ஸ்எஸ்எல்டி இருக்கிறது. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இதோ, எக்ஸ்குவெரியை ஓட்டும் மென்பொருளான பேஸ்எக்ஸில் ஓட்டுகிறேன், திரையைப் பாருங்கள். கடை 14. கிள்ளான் 10. பிரேக் பேட் 10.