பந்து வீசுபவர் தலைக்கும் கவசம் வேண்டும்

(தமிழ்ச் சங்கக் கோடை விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, இலக்கியம் பேச அழைத்துவிட்டு, பேஸ்பால் பேசுகிறேன் என்றதும் பெரிய மனதோடு சம்மதித்த செயலாளர் அவர்களே, ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியைகளே, காலையிலிருந்து நின்ற கால் நிற்கப் பந்தல் வேலை பார்த்த இளைஞர்களே, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய டாக்டர் அம்மா, தலையில் அடிபட்டால் மூளைக்கு என்ன ஆகும் என்று புரியும்படி விளக்கினார்கள். என் பாதி வேலை குறைந்தது. அவர்களுக்கு என் நன்றி.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். பார்வையாளர்களைக் காக்கும் வலை, பந்து வீச நேரம் குறிக்கும் பிட்ச் கிளாக், தலைக்கவசம். மூன்றுக்கும் எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்றே போதும்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

1920-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 16. நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கிளீவ்லாந்து அணிக்கும் நியூயார்க்கின் யாங்கீஸ் அணிக்கும் ஆட்டம். கிளீவ்லாந்தின் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர், ரே சாப்மன், வயது 29, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மனைவி கர்ப்பிணி. அணியில் எல்லோருக்கும் பிடித்த மனிதர். ஐந்தாவது இன்னிங்ஸில் மட்டையோடு வந்து நிற்கிறார். உடம்பை வளைத்து, தலையைப் பந்து வரும் பாதைக்குப் பக்கத்தில் நீட்டி நிற்பது அவர் பாணி. எதிரே கார்ல் மேஸ். கையைத் தரையோடு தரையாகக் கொண்டுபோய்க் கீழிருந்து வீசுகிற ஆள்.

அந்தக் காலப் பந்து எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே பந்தை முடிந்தவரை ஓட்டுவார்கள். மண், எச்சில், புகையிலைச் சாறு எல்லாம் ஏறிக் கறுத்துக் கிடக்கும். அன்றைக்கு வானமும் மூட்டம். கறுத்த பந்து, மங்கிய வெளிச்சம், தலையில் வெறும் துணித் தொப்பி. பந்து வருகிறது. சாப்மன் அசையவே இல்லை. பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கம் அடித்த சத்தம், மட்டையில் பட்ட சத்தம் போலவே கேட்டது. பந்து உருண்டு திரும்பி வருகிறது. மேஸ் என்ன செய்தார்? மட்டையில்தான் பட்டது என்று நினைத்து, பந்தை எடுத்து, அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸுக்கு எறிந்தார்! மண்டையோடு உடைந்த மனிதரை அவுட் ஆக்க எறிந்தார். அவர் மேல் தப்பில்லை, சத்தம் அப்படி. சாப்மனைத் தூக்கி நிறுத்தினார்கள், சில அடி நடந்தார், சரிந்தார். ராத்திரியே அறுவை சிகிச்சை. மறுநாள் விடியும் முன் உயிர் போய்விட்டது. அந்த வருடம் கிளீவ்லாந்துதான் உலகத் தொடரை வென்றது. கோப்பை வந்தது, சாப்மன் இல்லை.

அப்புறம் என்ன விதி வந்தது? அழுக்குப் பந்தை உடனுக்குடன் மாற்றச் சொன்னார்கள். நல்லது. தலைக்கு? ஒன்றும் இல்லை. 1950-களில்தான் ஹெல்மெட்டோ, தொப்பிக்குள் ஒரு கெட்டி உறையோ போடு என்றார்கள். முழு ஹெல்மெட் கட்டாயமானது 1971-ல். அதிலும் பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு. பாப் மான்ட்கோமரி என்பவர் 1979 வரை அந்த உறையோடு மட்டுமே ஆடினார். 51 வருடம் கழித்துச் சூரிய நமஸ்காரம்.

இடையில் 1967-ல் பாஸ்டனில் டோனி கொனிக்லியாரோவுக்கு 22 வயதில் கன்னத்தில் பந்து பட்டுக் கண் பார்வையே பாதித்தது. அவர் போட்டிருந்த ஹெல்மெட்டில் காதையும் கன்னத்தையும் மறைக்கும் மடல் கிடையாது. புது ஆட்டக்காரர்களுக்கு அந்த மடல் கட்டாயமானது 1983-ல். 2007-ல் மைனர் லீக் எனும் கீழ்நிலை லீக்கின் பயிற்சியாளர் மைக் கூல்பா, முதல் பேஸ் அருகே நின்றவர், தவறிப் பறந்த பந்து பட்டு இறந்தார். 2008-ல் பயிற்சியாளர்களுக்கு ஹெல்மெட். 2011-ல், பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சர் பஸ்டர் போஸி மேல் ஓடிவந்தவர் மோதி, அவர் கால் முறிந்தது. கேட்சர் மேல் மோதக் கூடாது என்ற விதி 2014-ல். 2015-ல், ஓடிவந்தவர் சறுக்கி மோதியதில் ரூபன் தேஹாதாவின் கால் முறிந்தது. சறுக்கி மோதுவதற்குக் கட்டுப்பாடு 2016-ல். எல்லாமே அடிபட்ட பிறகு.

வலைக்கு வருகிறேன். 2018-க்குள் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கின் எல்லா மைதானத்திலும் ஆட்டக்காரர்கள் உட்காரும் டகவுட்டின் கடைசிவரை வலை வந்தது. மறுவருடம் ஹூஸ்டனில் ஒரு சின்னக் குழந்தைக்கு அடிபட்டது. அதன் பிறகே இன்னும் நீட்டினார்கள். வலைக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஆட்டம் சரியாகத் தெரியாது என்று முணுமுணுத்தவர்களை நான் மதிக்கவில்லை. அவ்வளவுதான் வலை.

இப்போது நான் மேடை ஏறிய காரணம். இதோ என் கையில் இருப்பது பிட்சர், அதாவது பந்து வீசுபவர், போடும் தொப்பி. விரலால் அழுத்துங்கள், மறுபக்கம் தெரியும். மட்டை பிடிப்பவருக்கும், கேட்சருக்கும், ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளருக்கும் கவசம் உண்டு. பேட்டரிடமிருந்து 60 அடி 6 அங்குலத்தில் நின்று வீசி, வீசிய வேகத்தில் இன்னும் முன்னால் வந்து விழுபவருக்கு இந்தத் துணிதான். மணிக்கு 100 மைலில் நேராகத் திரும்பும் பந்து அரை நொடிக்குள் முகத்துக்கு வந்துவிடும். 1957-ல் ஹெர்ப் ஸ்கோர் கண்ணில் வாங்கினார், அவரும் கிளீவ்லாந்துதான். 2012 செப்டம்பரில் ஓக்லாந்தின் பிராண்டன் மெக்கார்த்தி தலையில் வாங்கினார். தானே நடந்துதான் வெளியே போனார்! பிறகு பார்த்தால் மண்டையோட்டில் விரிசல், உள்ளே ரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை. பிழைத்தது தெய்வச் செயல்.

2014-ல் பஞ்சு வைத்த தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. அலெக்ஸ் டோரஸ் அதைப் போட்டு வீசினார். மற்றவர்கள்? பெரிசாக இருக்கிறது, சூடாக இருக்கிறது என்றார்கள். முகத்தை அது காக்காது என்றார்கள், அது உண்மைதான். ஆனால் முகம் தப்பாது என்பதற்காகத் தலையையும் விட்டுவிடுவதா?

ஆட்டக்காரருக்கு விருப்பமில்லை என்றால் திணிக்கலாமா என்று கேட்கிறார்கள். 2022-ல் விதிகளை மாற்றும் குழுவில் 11 பேர்: உரிமையாளர் தரப்பு 6, ஆட்டக்காரர் 4, நடுவர் 1. பிட்ச் கிளாக்கை அந்த 4 பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள். 2023-ல் கடிகாரம் ஓடியது, ஆட்டம் சராசரியாக 24 நிமிடம் குறைந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் விருப்பத்தைத் தாண்ட முடிந்தது. உயிர் என்று வரும்போது மட்டும் அந்த விருப்பம் வேதவாக்காகிவிடுகிறது. கடிகாரத்தால் பிட்சர்களின் முழங்கைக்கு ஆபத்தா என்ற வாதம் தனியாக நடக்கிறது. அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு 2014-ல் சிட்னியில் கிரிக்கெட் ஆட்டக்காரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு இறந்துபோனது நினைவிருக்கும். பிடரிக்குக் கவசத்தை ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் கட்டாயமாக்கியது 2023-ல். அங்கேயும் அதே நமஸ்காரம்தான்.

மேஜர் லீக்கை நாம் நாளைக்கே திருத்த முடியாது. ஆனால் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகள் சிறுவர் லீக்கில் வீசுகிறார்கள். அங்கே தூரம் 46 அடிதான். வரும் வசந்த சீசனிலிருந்து 12 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிட்சருக்கும் முகக்கம்பி வைத்த கவசம் கட்டாயம் என்று நம் வட்டார லீக்கிடம் கேட்கிறோம். வாங்க முடியாத குடும்பத்துக்குச் சங்கமே வாங்கித்தர வேண்டும் என்று தலைவரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. பிள்ளை எந்த அணி என்பதையும் எழுதுங்கள். எல்லா அணியிலிருந்தும் கையெழுத்து வந்தால்தான் லீக் நிர்வாகம் காது கொடுக்கும். தாத்தா பாட்டிகளும் போடலாம். போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். நன்றி, வணக்கம்.