பெரியவனாக ஆசைப்படுவது பாவமா?

[திரையில்: ஒரு தடித்த ஃபைல், ஒவ்வொரு தாளாகப் புரள்கிறது]

பிள்ளைகளுக்கு இடம் பிடிக்க ஒரு அம்மா வருகிறார். கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இது புதினமான காட்சியே இல்லை. முதலாம் வகுப்பு அட்மிஷன் என்றால் பாதரின் கடிதம், விலாசத்தை நிரூபிக்கக் கரண்ட் பில், பழைய மாணவர் சங்கத்தில் தெரிந்த ஒருவர் என்று எல்லாமே தயாராக இருக்கும். இந்த அம்மாவிடம் ஃபைல் எதுவும் இல்லை. நேராகப் போய் இயேசுவைப் பணிந்துகொண்டு கேட்கிறார்: உமது ராஜ்யத்தில் என் மகன்மார் இரண்டு பேரில் ஒருவன் உமக்கு வலப்பக்கமும் மற்றவன் இடப்பக்கமும் உட்கார வேண்டும்.

மத்தேயு 20இல் வரும் செபெதேயுவின் மனைவி இவர். மாற்கு 10இல் இதே சம்பவத்தில் அம்மா இல்லை. இயேசுவின் சீடர்களான அந்த மகன்மார், யாக்கோபும் யோவானும், தாங்களே வந்து கேட்கிறார்கள். அதுவும் எப்படி? "நாங்கள் கேட்டுக்கொள்ளப்போகிறதை நீர் எங்களுக்குச் செய்யவேண்டும்." தொகை எழுதாத செக்கை நீட்டி, முதலில் கையெழுத்தைப் போடுங்கள் என்கிற மாதிரி.

கேட்ட நேரத்தையும் பாருங்கள். எருசலேமுக்கு ஏறிப்போகிற வழி. என்னைக் கொலைசெய்யப் போகிறார்கள் என்று இயேசு மூன்றாம் தடவையாகச் சொல்லி முடித்த கையோடு, இவர்கள் சீட் கேட்கிறார்கள்.

[திரையில்: பாதையில் நடக்கும் பதின்மூன்று நிழல்கள்]

நான் எதிர்பார்த்தது, இயேசு அந்த இடத்திலேயே "பதவி ஆசை பொல்லாதது" என்று ஒரு பிரசங்கம் வைப்பார் என்று. வைக்கவில்லை. நான் குடிக்கிற பாத்திரத்தில், அதாவது நான் படப்போகிற பாட்டில், உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்கிறார். "கூடும்" என்கிறார்கள், யோசிக்காமலே. சரி, குடிப்பீர்கள், ஆனால் அந்த இடங்களைக் கொடுப்பது என் காரியமல்ல என்று முடித்துவிடுகிறார்.

இதைக் கேட்ட மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. ஏன் கோபம்? அவர்கள் தாழ்மையானவர்கள், அதனால் இந்தப் பேராசையைப் பொறுக்க முடியவில்லை என்றும் விளக்கலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு அதிகாரம் முந்தி, மாற்கு 9இல் பாருங்கள், தங்களில் யார் பெரியவன் என்று பன்னிரண்டு பேரும் வழியெல்லாம் வாக்குவாதப்பட்டவர்கள்தான். இவர்கள் முந்திக்கொண்டார்களே என்பதுதான் அந்தப் பத்துப் பேரின் எரிச்சல். கேட்டவனின் ஆசை வெளியே தெரிந்துவிட்டது. கேட்காதவனின் ஆசை கோபமாக வெளியே வந்தது.

பிறகு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது: "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்." பெரியவனாக விரும்பாதே என்று இதில் எங்கேயும் இல்லை. விருப்பத்தை அப்படியே வைத்துவிட்டு, அது போகவேண்டிய திசையைத்தான் மாற்றுகிறார். வலப்பக்கம், இடப்பக்கம் என்று அந்தச் சகோதரர்கள் கேட்ட அதே பேச்சு, இயேசுவைச் சிலுவையில் அறைகிற மாற்கு 15இல் மறுபடி வருகிறது. அங்கே அந்த இரண்டு பக்கத்திலும் தொங்குகிறவர்கள் கள்ளர்கள். யாக்கோபு பின்னால் ஏரோது அரசனின் வாளுக்குப் பலியானதை அப்போஸ்தலர் 12இல் வாசிக்கலாம்.

[திரையில்: வூல்பெண்டால் தேவாலயம், வெளிப்புறம்]

ஆசை இருக்கட்டும், நோக்கம்? அதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. புறக்கோட்டைக்குப் பக்கத்தில் வூல்பெண்டால் தேவாலயம், 1757இல் ஒல்லாந்தர் அபிஷேகம் செய்தது. அந்தக் காலத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் முதலியார் என்ற உள்ளூர் அதிகாரி மாதிரி ஒரு உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் பள்ளிக்கூடத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பதிவாகும். காணி, முதுசம் என்று வரும்போது அந்தப் பதிவு கைகொடுக்கும். ஆகவே பதிந்தார்கள், ஆயிரக்கணக்கில். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போனது, கட்டாயமும் போனது. அந்தத் தோம்புக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி சீக்கிரமே கரைந்துவிட்டது.

அவர்களை நாங்கள் சிரிக்கத் தேவையில்லை. குடும்பம் முன்னேற இருந்த ஒரே கதவு அதுதான். கதவை அப்படி வைத்த கம்பெனிக்காரனின் நோக்கத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அதே ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தபோது, 1687இல் யாழ்ப்பாணத்துக்கு மாறுவேடத்தில் வந்து இறங்கியவர் கோவையைச் சேர்ந்த, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவைச் சேர்ந்த, யோசேப் வாஸ். அப்போது தனி இராச்சியமாக இருந்த கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையிலும் போட்டார்கள். 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நின்ற சனம் இந்த வீடியோ பார்க்கிறவர்களிலும் இருப்பீர்கள். ஆளே நுழைய முடியாத நாட்டுக்குத் தனியாகப் போவேன் என்பது சின்ன ஆசையா? கம்பெனியின் தோம்பில் பேர் பதிந்தவர்களின் ஆசையைவிட அது பெரியது. அதனால் அவர் கைக்கு வந்ததுதான் ஒன்றுமில்லை.

[திரையில்: கொச்சிக்கடை, செவ்வாய்க்கிழமைக் கூட்டம், மெழுகுதிரிகள்]

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருகிறவர்கள் என்னவெல்லாம் கேட்கிறார்கள்? கனடா விசா. ஏஎல் பரீட்சையில் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். மகளுக்கு நல்ல இடம். வேதக்காரர், சைவர், பௌத்தர் என்ற பேதமில்லாமல் வரிசை.

அந்த அந்தோனியாரே பெரிதாக ஒன்றைக் கேட்டு, கிடைக்காமல் போனவர். லிஸ்பனில் பிறந்தவர், மொரோக்கோவில் வேதசாட்சியாகச் சாக வேண்டும் என்று 1220இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். போன இடத்தில் நோய். திரும்புகிற கப்பலைப் புயல் சிசிலிக்கு அடித்துப்போனது. பிறகு இத்தாலியில் ஒரு மலைத் துறவுமடத்தில் ஆருக்கும் தெரியாமல் இருந்தார். 1222இல் ஃபோர்லியில் ஒரு குருப்பட்டச் சடங்கு. பிரசங்கம் வைக்க ஒருவரும் ஆயத்தமில்லை, நீ எழும்பிப் பேசு என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு சாகும்வரை அவருக்குப் பிரசங்கம்தான் முக்கிய வேலை. இறந்தது 1231, புனிதராக அறிவித்தது அடுத்த வருடமே.

[திரையில்: பிலிப்பியர் 1:18]

கடைசியாக, நோக்கம் முழுக்கச் சுத்தமாகும்வரை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு. பவுல் சிறையில் இருந்தபோது சிலர் அவரோடு போட்டி போட்டு, அவர் மனதை நோகடிக்கவென்றே பிரசங்கம் பண்ணினார்கள். அவர் எழுதிய பதில்: "இதனாலென்ன? வஞ்சகத்தினாலாவது, உண்மையினாலாவது, எப்படியாவது, கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன்." இதே கடிதத்தின் அடுத்த அதிகாரத்தில், ஒன்றையும் வீண்பெருமையினால் செய்யாதிருங்கள் என்றும் எழுதுகிறார். இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார்.

ஆகவே ப்ரொமோஷன் விண்ணப்பத்தை நிரப்பி லாச்சியில் வைத்துக்கொண்டு, இது என் பெருமைக்கோ என்று மாதக்கணக்கில் குழம்புகிறவர் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அந்த இடம் பக்கத்து மேசைக்காரருக்குப் போனால், அவருக்குக் கைகொடுக்கும்போது உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நோக்கம் என்னவென்று அப்போது ஓரளவு பிடிபடும்.