கைக்குழந்தையோடு தீம் பார்க்: திண்டாட்டமே!

நடுவர் அவர்களே, கொண்டாட்டம் கொண்டாட்டம் என்று பேசிக் களைத்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, பிள்ளைகளை மடியில் பிடித்து வைத்துக்கொண்டு எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"சின்னக் குழந்தையோடு தீம் பார்க் சுற்றுலா: கொண்டாட்டமா, திண்டாட்டமா?" சின்னக் குழந்தை என்றால் நான்கு வயதுக்குக் கீழே என்று நடுவரே முதலில் வரையறை சொல்லிவிட்டார். எட்டு வயதுப் பையனைக் கூட்டிப் போவதில் எங்கள் அணிக்கு ஒரு தகராறும் இல்லை. தாராளமாகப் போகட்டும். கூப்பிட்டால் நாங்களும் வருகிறோம்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பூங்காவில் வால்ட் டிஸ்னி தன் மகள்களைக் குதிரை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாராம். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பெற்றவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷப்பட ஓர் இடம் வேண்டாமா என்று தோன்றியதாம். அதில் பிறந்ததுதான் டிஸ்னிலேண்ட் என்று சொல்லிக் கைதட்டு வாங்கினார். நல்ல கதை. டிஸ்னியே சொன்னதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். மூத்த மகள் டயான் பிறந்தது 1933 டிசம்பரில். டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு வயது 21. கல்யாணமாகி, கையில் ஓர் ஆண் குழந்தையும் இருந்தது! மகளுக்காக யோசித்த மனிதர் பேரன் பிறக்கும்வரை பொறுத்திருக்கிறார். நாம் ஒரு நான்கு வருஷம் பொறுக்கக் கூடாதா, நடுவர் அவர்களே?

சரி, நம் ஊருக்கு வருவோம். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு அவசரமாக ஏன் ஓடுகிறோம்? குழந்தை கேட்டதா? அது கேட்டதெல்லாம் பாலும் காக்காயும்தான். அவசரத்துக்குக் காரணம் வேறு. நம் ஊர் வொண்டர்லா தீம் பார்க்கில் 85 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் டிக்கெட் இல்லை. டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குள் இலவசம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோவில் நான்கு வயதுக்குள் இலவசம். விமானத்தில் இரண்டு வயதுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம், தனி சீட்டுக்குக் காசு கட்ட வேண்டாம். அதனால், "ரெண்டாவது பிறந்தநாளுக்குள்ள சிங்கப்பூர் போயிட்டு வந்துடணும்" என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. அந்தப் பாஸ்போர்ட்டுக்காகக் குழந்தையை வெள்ளைத் துப்பட்டியில் படுக்க வைத்து, கண் திறந்த மாதிரி ஒரு போட்டோ எடுக்க, சித்தி ஒரு பக்கம் கிலுகிலுப்பை ஆட்ட, மாமா இன்னொரு பக்கம் நாய் மாதிரி குரைக்க, குடும்பமே பாடுபடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் குற்றம் சொல்வது இதைத்தான். சலுகை முடிவதற்குள் போகிறோமே தவிர, குழந்தை தயாரான பிறகு போவதில்லை.

பத்து ரூபாய்க்குக் காய் வாங்கினால் கொசுறு கொத்தமல்லி ஏன் வாடியிருக்கிறது என்று கேட்கிறவர்கள் நாம். இவ்வளவு பெரிய பூங்காக்காரன் நம் பிள்ளையைச் சும்மா உள்ளே விடுகிறானே, ஏன் என்று கேட்க வேண்டாமா? அந்தக் குழந்தை ஏறுவதற்கு உள்ளே அதிகம் இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் ஓர் அளவுகோல் நட்டு வைத்திருக்கிறான், பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 95 செ.மீ. சிங்கப்பூர் யுனிவர்சலில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியில் ஏற 102 செ.மீ. வேண்டும். அங்கேயே மம்மி என்ற சவாரிக்கு 122. கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. அமெரிக்காவின் ஆர்லாண்டோ டிஸ்னியில் ஸ்பேஸ் மவுண்டன் சவாரிக்கு 112. அந்தக் கோலுக்கு முன்னால் ஓர் அப்பா தன் மகனை நிறுத்தி, தலைமுடியைக் கோதி மேலே தூக்கிவிட்டு, "நுனிக்கால்ல நில்லுடா" என்று கிசுகிசுப்பார். வீட்டில் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற அதே அப்பா! அது எலும்பு வளராத பிள்ளையின் பாதுகாப்புக்கு வைத்த அளவு. இருக்கையின் பிடிப்புக் கம்பி சின்ன உடம்பைச் சரியாகப் பிடிக்காது. அதை ஏமாற்றி என்ன சாதிக்கப் போகிறோம்?

அடுத்து எதிரணிச் சகோதரி. குழந்தைக்கு நினைவிருக்காது என்று எங்கள் அணியில் முதலில் பேசியவர் சொன்னதற்கு அவர் அழகாகப் பதில் சொன்னார்: "நினைவு எதற்கு? நேற்று ஊட்டிய சோறும்தான் நினைவில்லை, அதற்காக ஊட்டாமல் இருக்கிறோமா? அந்த நிமிஷத்துச் சந்தோஷம் போதாதா?" உண்மையில் நல்ல வாதம். பெரியவர்களைக் கேட்டால் அவர்களுக்கு இருக்கும் மிகப் பழைய நினைவே பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்குத்தான் போகும் என்று உளவியலாளர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும் அந்த வாதத்தை நான் விட்டுவிடுகிறேன். சகோதரி சொன்ன அந்த நிமிஷத்துக்கே போவோம்.

மே மாதம், கத்திரி வெயில். பையைச் சோதிக்கும் இடத்தில் குழந்தைக்கான பருப்பு சாத டப்பாவைத் திறந்து காட்டி, லாக்கர் எடுத்து, தண்ணீருக்குள் பருத்தி உடை கூடாது என்பதால் நைலான் உடைக்கு வரிசையில் நின்று, எல்லோரும் தயாராகும்போது மணி பன்னிரண்டரை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது தூங்குகிற நேரம். அது தூங்கக் கண்ணைக் கசக்கும்போது நாம் அலைக் குளத்தின் சைரன் சத்தத்தில் இறக்குகிறோம். குழந்தை வீரிட்டு அழுகிறது. அழுதால், "பயம் தெளியட்டும்" என்று இன்னும் இரண்டு அடி உள்ளே கொண்டு போகிற தாய்மாமன்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு.

ஒரு பூங்காவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நுழைவாயிலில் ஆள் ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் கம்பிக் கதவு இருக்குமே, ஒரு பெண் குழந்தை அதைத் தள்ளியது. "டக்" என்று சத்தம் வந்தது. மறுபடி தள்ளியது. மறுபடி "டக்". அவ்வளவு சிரிப்பு! பின்னால் வரிசை நின்றுவிட்டது. காவலாளி சிரித்துக்கொண்டே நின்றார். அம்மா தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் தொடங்கிய அழுகை, கரடி வேஷக்காரர் வந்து கை நீட்டியபோது உச்சத்துக்குப் போனது. அந்தக் குழந்தைக்குப் பிடித்த ஒரே விளையாட்டு வாசலிலேயே முடிந்துவிட்டது. அந்த நிமிஷத்துச் சந்தோஷம் போதும் என்றால், சகோதரி, அது எந்த மெட்ரோ ஸ்டேஷனிலும் கிடைக்குமே!

பயத்தைப் பற்றி இன்னும் ஒன்று. டிஸ்னிலேண்டில் திறந்த வருஷமே ஸ்னோ ஒயிட் கதையை வைத்து ஓர் இருட்டுச் சவாரி போட்டார்கள். பார்க்கிறவரே ஸ்னோ ஒயிட், அதனால் அவள் உருவம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இருட்டுக்குள் குழந்தை எதிரே வந்தது சூனியக்காரிதான்! பிள்ளைகள் அலறினார்கள். 1983-இல் அதைப் புதுப்பித்தபோது பெயரிலேயே "ஸ்கேரி" என்று சேர்த்துவிட்டார்கள், பயமாக இருக்கும் என்று பெயர்ப்பலகையே சொல்லட்டும் என்று. 2021-இல் பயத்தைக் குறைத்து இன்னொரு முறை மாற்றினார்கள். இளவரசி கதை, குட்டி வண்டி, உயரக் கட்டுப்பாடு கிடையாது. அதுவே இந்தப் பாடு என்றால் மற்றதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரணித் தம்பி, "ரைடர் ஸ்விட்ச் இருக்கிறதே, தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் தம்பி. அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு வெளியே நிற்பார். அப்பா இறங்கியதும் அம்மா மறுபடி வரிசையில் காத்திருக்காமல் ஏறலாம். டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் இந்த வசதி உண்டு. குடும்பமாகச் சேர்ந்து மகிழ என்று கடன் வாங்கிக் கடல் கடந்து போய், ஆளுக்கு ஒருவராகத் தனியே கத்திவிட்டு வருகிற ஏற்பாடு! நம் ஊர்ப் பூங்காக்களில் அதற்குப் பாட்டி இருக்கிறார். மரத்தடி பெஞ்சில், ஆறு பை, நாலு ஜோடி செருப்பு, ஒரு ஃபிளாஸ்க், தூங்குகிற பேரக்குழந்தை எல்லாவற்றுக்கும் காவலாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் முழு டிக்கெட்தான் எடுத்திருப்பார்கள், மூத்த குடிமக்கள் சலுகை போக. அந்தக் குழந்தை தன் முழு நாளையும் பாட்டி மடியில் கழித்தது. அதற்கு வீட்டுத் திண்ணை போதாதா?

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மலேசியாவின் ஜொகூரில் 2012-இல் திறந்த லெகோலேண்ட் மாதிரி, இரண்டு முதல் பன்னிரண்டு வயதுவரை என்று கணக்குப் போட்டே கட்டிய பூங்காக்கள் உண்டு. அங்கே சின்னதுகள் கட்டிகளை அடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஓர் இடத்துக்கு, காலையில் போய்ப் பகல் தூக்கத்துக்கு முன் திரும்பிவிடுகிற மாதிரி, குழந்தைக்காகவே போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கட்டின காசு வீணாகக் கூடாது என்று கடைசி வாண வேடிக்கை வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற குடும்பங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் சொன்ன சந்தோஷங்களை எண்ணிப் பாருங்கள், நடுவர் அவர்களே. போட்டோ அப்பாவுக்கு, ஸ்டேட்டஸ் அம்மாவுக்கு, இலவச டிக்கெட் பட்ஜெட்டுக்கு.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரி, தன் குடும்பம் ரைடர் ஸ்விட்ச்சை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது என்று காலையில் தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி. பதிலை மேடையிலேயே சொல்லட்டும், அவர் வீட்டுக்காரரும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்: அம்மா, அங்கே முதலில் ஏறியது யார்? திரும்பி வந்து பார்த்தபோது, இரண்டாவது ஆள் ஏறுகிற நிலைமையில் குழந்தை இருந்ததா?

நன்றி, வணக்கம்.