பங்காளிச் சண்டையில் எழுந்த கோயில்கள்

அவையோருக்கு வணக்கம்.

பங்காளிகள் சண்டை போட்டால் வழக்கமாக வரப்பு தேயும், வக்கீல் வளர்வார். இமயமலை அடிவாரத்தில் ஒரு குடும்பம் போட்ட சண்டையில் கோயில் வளர்ந்தது. நேபாளத்தின் காட்மாண்டுப் பள்ளத்தாக்கை 1200 வாக்கிலிருந்து 1769 வரை ஆண்ட மல்லர்களைத்தான் சொல்கிறேன்.

1482-ல் யட்ச மல்லன் இறந்தான். வாரிசுகளுக்குள் நாடு உடைந்து, காட்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மூன்று அரசுகள் ஆயின. காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம், அவ்வளவுதான் தூரம். மூவருக்கும் குலதெய்வம் ஒன்றே, தலேஜு. ஆனாலும் ஆளுக்கொரு தலேஜு கோயில், ஆளுக்கொரு அரண்மனைச் சதுக்கம். ஒருவன் தூண் நட்டு அதன் உச்சியில் கைகூப்பிய தன் சிலையை வைத்தால், அடுத்த ஊரிலும் ஒரு தூண் எழும்பும்.

பணம் எங்கிருந்து வந்தது? திபெத்துக்குப் போகும் கணவாய் வழிகள் இவர்கள் கையில் இருந்தன. திபெத்து தனக்கென்று காசு அடிக்காத காலம் அது. அங்கிருந்து வெள்ளி வரும், இங்கே நாணயமாகித் திரும்பிப் போகும். நடுவில் கிடைத்த லாபம்தான் பள்ளத்தாக்கின் மக்களான நேவார் தச்சரின் உளியிலும் கன்னாரின் உலையிலும் போய்ச் சேர்ந்தது.

காட்மாண்டு மன்னன் பிரதாப மல்லன் தன்னைக் ‘கவீந்திரன்’ என்றே அழைத்துக்கொண்டவன். 1654-ல் அரண்மனைச் சுவரில் ஒரு கல்வெட்டு பதித்தான். காளிகா தேவிக்குத் துதி; பதினைந்து மொழி, எழுத்துகளில்! தேவநாகரியைப் படித்துக்கொண்டே போனால் திடீரென்று ரோமன் எழுத்தில் ‘இலையுதிர்காலம்’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல் நிற்கிறது. பக்கத்திலேயே ஆங்கிலத்தின் ‘விண்டர்’. துதிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. தெரிந்ததையெல்லாம் கல்லில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை. முழுவதையும் படித்து முடிப்பவருக்கு அந்தச் சுவரிலுள்ள தூம்பில் பால் சுரக்கும் என்று ஊரில் கதை. வீண் பெருமை என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. மலைகள் சூழ்ந்த சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு உலகத்து மொழிகளைத் தேடிய மன்னர்கள் எத்தனை பேர்?

பக்தபூரில் பூபதீந்திர மல்லன் 1702-ல் எழுப்பிய ஞாதபோலா ஐந்து கூரை அடுக்கு, ஏறக்குறைய முப்பது மீட்டர். படியின் அடியில் இரண்டு மல்யுத்த வீரர்களின் சிலைகள், ஊரில் எவரையும்விடப் பத்து மடங்கு பலசாலிகளாம். அவர்களைப்போல் பத்து மடங்கு மேலே உள்ள யானைகள். அப்படியே சிங்கம், யாளி, கடைசியில் இரண்டு தேவியர். உள்ளே சித்திலட்சுமி, பூசாரிகளைத் தவிர யாருக்கும் தரிசனம் கிடையாது. 1934, 2015 இரண்டு பெரும் நிலநடுக்கங்களிலும் அது விழவில்லை.

இத்தனையும் கட்டியவர்கள் மலைக்கு மேற்கே கூர்க்கா என்ற சிற்றரசு வளர்வதை ஒன்றுகூடித் தடுக்கவில்லை. அதன் மன்னன் பிருதிவி நாராயண் ஷா முதலில் திபெத்து வழியை அடைத்தான். 1768-ல் இந்திர ஜாத்திரைத் திருவிழா நடந்துகொண்டிருந்தபோது காட்மாண்டுக்குள் நுழைந்தான். மன்னன் ஜயப்பிரகாச மல்லன் பாட்டனுக்கு ஓட, வந்தவன் உயிருள்ள தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரி தேவியின் முன் நின்று பிரசாதம் வாங்கிக்கொண்டான். மல்லர்களை விரட்டினான், அவர்கள் வழிபட்ட சிறுமித் தெய்வத்தை விரட்டவில்லை. அவன் வம்சமும் 2008-ல் முடியாட்சியோடு போயிற்று. இப்போது அந்தத் திருவிழாவில் குமாரியிடம் ஆசி வாங்கப் போகிறவர் நேபாளத்தின் குடியரசுத் தலைவர்.