மூன்று முறை தட்டு, பெயரைச் சொல், காத்திரு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்பது வருடம் நான் ஒரு பல்கலைக்கழக விடுதியில் குடியிருந்தேன். படிக்கப் போகவில்லை, வேலைக்குப் போனேன். பதவியின் பெயர் விடுதி ஒருங்கிணைப்பாளர். வார்டன் என்றால் சட்டென்று புரியும்தான். ஆனால் வார்டன் என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிற ஒருவர்தான் பலருக்கும் ஞாபகம் வருவார். நான் அப்படி நின்றதில்லை. சரி, இரண்டு மூன்று தடவை நின்றிருக்கிறேன். பிள்ளைகள் இந்த இரண்டு பெயரையும் விட்டுவிட்டுக் 'கீழ்வீட்டு மேடம்' என்று கூப்பிட்டார்கள். தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே என் வீடு.

கட்டடத்தில் நானூறு சொச்சம் பேர். எனக்குக் கீழே பன்னிரண்டு மாணவ உதவியாளர்கள். அவர்களும் அங்கேயே தங்கிப் படிக்கிறவர்கள்தான், மாடிக்கு இரண்டு பேர். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி, ராத்திரி ரவுண்ட்ஸுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதோடு சாவிக் கணக்கு, அறை ஒதுக்கீடு, உடைந்த ஜன்னல், ஒழுங்கு விசாரணை, விடுமுறைக்கு முன்னால் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பூட்டிப் பார்ப்பது. இதெல்லாம் பகல் வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் டியூட்டி போன் என் தலைமாட்டில் கிடக்கும். அது ராத்திரி வேலை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் குடும்பம்.

"வீடு இலவசமாமே!" என்று கேட்காத உறவினர் இல்லை. இலவசம்தான். இந்த வேலை இன்றைய வடிவத்தில் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவானது. அங்கே வருமானவரிச் சட்டத்தில் 119ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. வேலைக்காகத் தருகிற வீட்டுக்கு வரி வேண்டாம் என்று சொல்கிற பிரிவு. ஆனால் மூன்று நிபந்தனை. வீடு வேலை பார்க்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், அங்கே குடியிருப்பது வேலையின் கட்டாயமாக இருக்க வேண்டும், அந்த வீடு முதலாளியின் வசதிக்காகத் தரப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றாவதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நாங்கள் யாருடைய வசதிக்காக அந்த வீட்டில் இருக்கிறோம் என்பதை என் வீட்டுக்காரருக்கு நான் மூன்று வருடமாக விளக்கப் பார்த்தேன். வரிச் சட்டம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

குப்பை கொட்டப் போனால்கூட வரவேற்பறையைத் தாண்டித்தான் போக வேண்டும். கலைந்த தலையும் வீட்டு உடுப்புமாக, இரண்டு கையிலும் குப்பைப் பையோடு போகிறபோதுதான் ஒரு பையன் எழுந்து வந்து, "மேடம், ஒரு நிமிஷம், என் அறை மாற்றம் என்ன ஆச்சு?" என்பான். என் மகள் அந்தக் கட்டடத்தில்தான் நடை பழகினாள். அவள் முதன்முதலில் வரைந்த வீட்டில் ஒரு கதவு, ஒரு ஜன்னல், கதவுக்கு மேலே 'வெளியேறும் வழி' என்று ஒரு பச்சைப் பலகை. எல்லார் வீட்டிலும் அது இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

கதவு என்றதும் சொல்கிறேன், ராத்திரியில் கதவைத் தட்டுவதில் பல ரகம் உண்டு. விரல்மொட்டால் வேகமாக இரண்டு தட்டு என்றால் சாவி தொலைந்த கேஸ். உள்ளங்கையால் அடித்தால் நிஜமான அவசரம், செருப்புப் போடக்கூட நிற்கக் கூடாது. ஒரே ஒரு தட்டு, அப்புறம் நீண்ட நேரம் சத்தமே இல்லை என்றால், வந்தவர் அழுதுகொண்டிருக்கிறார். நாலாவது ரகம் தட்டவே தட்டாது. கதவுக்கு அடியில் வராந்தா விளக்கின் வெளிச்சம் கோடு மாதிரித் தெரியும். அந்தக் கோட்டில் இரண்டு பாதத்தின் நிழல் வந்து நிற்கும். கொஞ்ச நேரம் நிற்கும், போகும், திரும்ப வரும். முதல் வருடம் அது எனக்குப் புரியவில்லை. இரண்டாம் வருடத்திலிருந்து அந்த நிழலைப் பார்த்தால், குப்பை கொட்டப் போகிறவள் மாதிரி நானே கதவைத் திறந்துவிடுவேன்.

நாங்கள் அவர்கள் கதவைத் தட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூன்று முறை தட்டு, பெயரைச் சொல், காத்திரு. பதில் இல்லையா, திரும்ப மூன்று முறை தட்டு, பெயரைச் சொல், காத்திரு. அதற்கும் பதில் இல்லாமல் உள்ளே போயே ஆக வேண்டிய காரணம் இருந்தால், "சாவி போட்டுத் திறக்கிறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திற. தனியாகப் போகாதே, கூட ஒருவரை வைத்துக்கொள். புது உதவியாளர்களுக்கு முதல் நாள் பயிற்சியே இதுதான். காலி அறைகளின் கதவைத் தட்டித் தட்டி ஒரு மதியம் முழுக்கப் பழகுவார்கள். ஆள் இல்லாத அறையிடம் பெயர் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குச் சிரிப்பு தாங்காது. பழகட்டும் என்று விட்டுவிடுவேன். மாஸ்டர் சாவி கையில் இருக்கிறவருக்குக் காத்திருப்பது அவ்வளவு சுலபமாக வராது. அந்தப் பிள்ளைக்கு அந்தப் பாதி அறைதான் வீடு. என் வீடும் அதே வராந்தாவில்தான் இருந்தது என்பதால் எனக்கு இது சீக்கிரம் புரிந்தது என்று நினைக்கிறேன்.

வெளிக்கதவு விஷயத்தில் மட்டும் நான் கறார். தானாகப் பூட்டிக்கொள்கிற கதவுக்கு நடுவில் எதையாவது செருகி வைத்துவிட்டுப் போவது எல்லா விடுதியிலும் நடக்கும். நண்பன் வருவான், கீழே இறங்கிப் போய்த் திறக்கச் சோம்பல். 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற முதலாண்டு மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். கொன்றவனும் அதே பல்கலைக்கழக மாணவன். பூட்டியிருக்க வேண்டிய கதவுகள் பெட்டி செருகித் திறந்து கிடந்தன, அந்த வழியாகத்தான் அவன் வந்தான். பெற்றோர் விடாமல் போராடினார்கள். வளாகத்தில் நடக்கிற குற்றங்களின் கணக்கைக் கல்வி நிறுவனங்கள் வெளியிட்டே தீர வேண்டும் என்று 1990இல் சட்டம் வந்தது. இப்போது அந்தச் சட்டத்துக்கு அந்தப் பெண்ணின் பெயர்தான். செருகிய அட்டையை எடுக்கும்போது நான் யாரையும் திட்டியதில்லை. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அட்டை வைத்தவர் இறங்கி வரும்வரை அங்கேயே நிற்பேன். வாசலில் நின்றிருக்கிறேன் என்றேனே, அது இதுதான்.

தீ அலாரமும் அப்படித்தான். ஒரு குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று பொய் அலாரம், மூன்றுமே விடியற்காலையில். நான்காவது தடவை அடித்தபோது மூன்றாம் மாடியில் பாதிப் பேர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம் வந்தது. 2000 ஜனவரி 19 அன்று நியூஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் விடியற்காலை நாலரை மணிவாக்கில் தீப் பிடித்தது. முந்தைய மாதங்களில் அங்கே பொய் அலாரம் நிறைய அடித்திருந்ததால், அன்றைக்கும் அப்படித்தான் என்று பலர் எழுந்திருக்கவில்லை. மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் அந்தக் கட்டடத்தில் இல்லை. மாணவர் விடுதிகளில் அதைக் கட்டாயமாக்கி அந்த மாநிலம் அதே ஆண்டில் சட்டம் போட்டது.

எங்கள் விடுதியில் நான் முதலில் செய்தது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது இல்லை. மூன்று அலாரமும் எந்தக் கருவியிலிருந்து அடித்தது என்று பார்த்தேன். மூன்றும் ஒன்றே. குளியலறைக் கதவுக்கு எதிரே இருந்த புகை உணரும் கருவி. அதிகாலையில் ஒருவர் வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் நீராவி நேராக அதன் மேல் போய் மோதும். கருவியைச் சில அடி நகர்த்திப் பொருத்தச் சொல்லி நான் எழுதிய கடிதம் மூன்று அலுவலகம் சுற்றி வர ஐந்து வாரம் ஆனது. நகர்த்தியபின் அந்த மாடியில் பொய் அலாரம் நின்றுவிட்டது. அலாரம் அடித்தால் பிள்ளைகள் எழுந்து வரவும் ஆரம்பித்தார்கள்.

பெற்றோரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறாள்?" என்று போன் வரும். கல்லூரி பெற்றோரின் இடத்தில் நிற்கிறது, எதையும் கேட்கலாம், எப்படியும் தண்டிக்கலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1961இல் டிக்சன் வழக்கின் தீர்ப்பு அதை ஆட்டம் காண வைத்தது. அரசுக் கல்லூரி ஒரு மாணவரை வெளியேற்றுவதானால் குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் பக்கத்தையும் கேட்டாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மாணவிகளுக்கு மட்டும் இருந்த இரவுக் கெடுபிடிகளும் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரும்பாலான இடங்களில் போய்விட்டன. எனக்கு அந்த அம்மாக்கள்மேல் வருத்தமில்லை. "அவளிடம் சொல்கிறேன், உங்களைக் கூப்பிடுவாள்" என்பேன். சொல்லவும் செய்வேன்.

அறைத் தோழர் சண்டைதான் இந்த வேலையின் தினசரிப் பிழைப்பு. இரண்டு பெண்கள், ஒருத்தி வந்து போன பிறகு இன்னொருத்தி, இரண்டு பேருக்கும் அறை மாற்றம் வேண்டும். ஒருத்தி ஐந்து மணிக்கு அலாரம் வைத்து ஆறு தடவை தள்ளிப்போட்டுப் படுக்கிறாள். இன்னொருத்தி இரண்டு மணி வரை விளக்கை அணைப்பதில்லை. முதல் இரண்டு வாரம் யாருக்கும் அறை மாற்றம் கிடையாது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கு முடிகிறவரை எந்தக் கட்டில் காலி என்றே தெரியாது.

"இதை அவளிடம் சொன்னாயா?" என்று கேட்டேன்.

"மெசேஜ் போட்டேன் மேடம்."

"எங்கே இருந்து?"

"கட்டிலில் இருந்து."

"அப்போது அவள் எங்கே இருந்தாள்?"

"எதிர்க் கட்டிலில்."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதுவரை ஓர் அறையை யாரோடும் பங்கு போட்டதில்லை, சண்டை போட்டுச் சமாதானமாகிற வித்தையும் யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு பேரையும் என் அலுவலகத்தில் உட்காரவைத்து, விளக்கு எத்தனை மணிக்கு, அலாரம் எத்தனை தடவை, விருந்தாளி வந்தால் யாருக்கு எப்போது சொல்வது என்று எழுதச் சொன்னேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நிமிடம் ஆனது. அவர்கள் சிநேகிதிகள் ஆகவில்லை. வருடம் முழுக்க அதே அறையில் இருந்தார்கள், எனக்கு அது போதும்.

அப்புறம் அந்த நிழல் ரகம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னால் சொல்கிறேன்." அந்த வாக்கை மட்டும் கொடுக்கக் கூடாது. "உன் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவரிடம் நான் சொல்லியே ஆக வேண்டும். மற்றதைத் தெரிந்தே ஆக வேண்டியவர்களுக்குத் தவிர வெளியே விடமாட்டேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு எழுந்து போனவர்கள் ரொம்பக் குறைவு. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், "தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று மனநல மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது என் குரல் நடுங்கியது. அந்தப் பையன், "ஆமாம்" என்றான். ஆலோசகர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் படிப்பை முடித்துவிட்டுத்தான் விடுதியை விட்டுப் போனான்.

எதுவானாலும் காலைக்குள் அறிக்கை எழுதியாக வேண்டும். உதவியாளர்களுக்கு நான் பிழிந்து பிழிந்து சொன்ன பாடம் இது: பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, மூக்கில் பட்டதை எழுது, நீ நினைத்ததை எழுதாதே. 'குடித்திருந்தான்' என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பேச்சு குழறியது, மது வாடை வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், மணி 11.40 என்று எழுது. யாராக இருந்தாலும் மரியாதையாக எழுது. யாரைப் பற்றி எழுதுகிறாயோ அவரே ஒருநாள் அதைப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுது.

என் கடைசி வருடம், பருவம் தொடங்கி முதல் சனிக்கிழமை. மகளின் பிறந்தநாள், வீட்டில் நெருங்கிய உறவினர்கள். பாட்டுச் சத்தம் கொஞ்சம் அதிகம்தான். கதவு தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, ஒரு பெயர், அப்புறம் அமைதி. திறந்தால் புதிதாகச் சேர்ந்த உதவியாளன் ஒருவன், கையில் ரவுண்ட்ஸ் அட்டையோடு நிற்கிறான், வியர்த்துக் கொட்டுகிறது. "மேடம், மணி பதினொன்று தாண்டிவிட்டது..." என்று ஆரம்பித்தவனுக்கு மேலே வார்த்தை வரவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பாட்டைக் குறைத்தேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கைகளின் அடுக்கில் மூன்றாவதாக இருந்தது: "தரைத்தளம், லிஃப்டுக்கு எதிரே உள்ள குடியிருப்பு. இரவு 11.10. பாட்டுச் சத்தமும் ஐந்தாறு பேரின் சிரிப்பும் வராந்தாவின் மறுமுனை வரை கேட்டன. மூன்று முறை தட்டிப் பெயரைச் சொன்னேன். திறந்தவர் ஒத்துழைத்தார். எனக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்."

திருத்த ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தேன்.

வணக்கம்.